ஓய்வை முதலில் எழுதுங்கள்: ரோயிங் மெஷின் மானிட்டரில் இன்டர்வெல் பயிற்சி

துடுப்பு வலிப்பதைப் போலக் கைப்பிடியை இழுக்கும் ரோயிங் மெஷினில், வேலையும் ஓய்வும் மாறி மாறி வரும் இன்டர்வெல் பயிற்சி செய்பவர்கள் எவ்வளவு வேகமாக இழுத்தோம் என்பதைப் பற்றி நிறையப் பேசுவார்கள்; இரண்டு சுற்றுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் ஓய்ந்திருந்தோம் என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள், அதையும் குத்துமதிப்பாகவே சொல்வார்கள். 500 மீட்டரை எட்டு முறை ஒரு நிமிட ஓய்வுடன் இழுப்பதும், அதே 500 மீட்டரை எட்டு முறை மூன்றரை நிமிட ஓய்வுடன் இழுப்பதும் தாளில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உடலுக்கு இரண்டும் வேறு வேறு பயிற்சிகள். முதலாவதில் மூச்சு முழுமையாகத் திரும்புவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடுவதால் வேகத்தை அடக்கித்தான் வைக்க வேண்டியிருக்கும். இரண்டாவதில் ஒவ்வொரு சுற்றையும் பந்தய வேகத்திலோ அதற்கும் மேலோ இழுக்க முடியும். சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் உடற்பயிற்சிக் கூடத்தில் உள்ள கான்செப்ட்2 இயந்திரத்தில் சில ஆண்டுகளாக வாரம் இரண்டு இன்டர்வெல் பயிற்சிகள் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்றுதான்: மானிட்டரில் பயிற்சியை முன்கூட்டியே பதிந்துவைப்பதன் முதல் பயன், ஓய்வு எவ்வளவு என்ற முடிவைக் களைத்துப்போன மனத்திடமிருந்து பிடுங்கிவிடுவது.

கான்செப்ட்2 நிறுவனத்தை டிக், பீட் டிரைசிகாக்கர் என்ற துடுப்பு வீரர் சகோதரர்கள் 1976இல் படகுத் துடுப்புகள் செய்வதற்காகத் தொடங்கினார்கள்; அது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மோரிஸ்வில் என்ற சிற்றூரில் இயங்குகிறது. 1981இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் பயிற்சி இயந்திரத்தில் மிதிவண்டிச் சக்கரமே விசிறியாகச் சுழன்றது. இன்று உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் பரவலாகக் காணப்படும் பிஎம்5 மானிட்டர் 2014இல் வந்தது. நான் இங்கே சொல்லும் பொத்தான் வழிகள் எல்லாம் பிஎம்5க்கு உரியவை. வேறு நிறுவன இயந்திரங்களில் வழி மாறலாம். வேலை, ஓய்வு என்ற இரண்டு எண்களையும் முன்பே பதிய முடிகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் மற்றவை எல்லாம் பெருமளவு பொருந்தும்.

ஓய்வுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுப்பது புதிய எண்ணமும் அன்று. ஜெர்மானிய ஓட்டப் பயிற்சியாளர் வோல்டேமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் சேர்ந்து வகுத்த முறையில், ஓட்டம் இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 180 அளவுக்கு ஏற்றும். பிறகு அது 120 அளவுக்கு இறங்கும்வரை வீரர் காத்திருப்பார். 90 விநாடிகளுக்குள் இறங்கவில்லை என்றால் ஓட்டம் அளவுக்கு மீறிக் கடினமாகிவிட்டது, அல்லது அன்றைய பயிற்சி போதும் என்று பொருள். இதயம் வலுப்பெறுவது அந்த ஓய்வு நேரத்தில்தான் என்று அவர்கள் கருதினார்கள். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1:46.6இல் ஓடி உலக சாதனை படைத்தார். அவர்களுடைய உடலியல் விளக்கம் முழுவதையும் இன்றைய பயிற்சியாளர்கள் ஏற்பதில்லை என்றாலும், ஓய்வையும் பயிற்சியின் பகுதியாக அளந்து எழுதும் பழக்கத்தில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி மானிட்டருக்கு வருவோம். முதன்மைப் பட்டியலில் 'செலக்ட் வொர்க்அவுட்', அதற்குள் 'நியூ வொர்க்அவுட்' என்று போனால் ஒற்றைத் தூரம், ஒற்றை நேரம் முதலியவற்றோடு இன்டர்வெல் வகைகளும் வரிசையாக வரும்: தூரம், நேரம், கலோரி, வேரியபிள். திரையின் வலப்புறம் உள்ள பொத்தான்களால் எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம், அடுத்த இலக்கத்துக்கு நகரலாம், சரி என்று ஏற்கலாம். தூர இன்டர்வெல்லில் ஒரு சுற்றின் தூரத்தையும் ஓய்வு நேரத்தையும் பதிய வேண்டும். நேர இன்டர்வெல்லில் வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் பதிய வேண்டும். ஒரு சுற்றுக்கு 100 மீட்டருக்கோ 20 விநாடிகளுக்கோ குறைவாக மானிட்டர் ஏற்காது. எத்தனை சுற்று என்ற கேள்வியை இந்த இரண்டு வகைகளிலும் மானிட்டர் கேட்பதே இல்லை. முதன்முறை பதிபவர்கள் பலர் அந்தக் கேள்வி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பட்டியல் முழுக்கத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். நாமாக 'மெனு' பொத்தானை அழுத்தும்வரை வேலையும் ஓய்வும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும் என்பதுதான் அதன் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. எட்டாவது சுற்று முடிந்து நாம் கைப்பிடியை விட்டுவிட்டு முழங்காலில் நெற்றியை வைத்துக் குனிந்திருக்கும்போது மானிட்டர் ஒன்பதாவது சுற்றுக்கான ஓய்வை எண்ணிக்கொண்டிருக்கும். அந்த ஓய்வு தீர்வதற்குள் 'மெனு' அழுத்தினால் எட்டுச் சுற்றுகளின் கணக்கு சுத்தமாகப் பதிவாகும். தண்ணீர் குடிக்கப் போய் மறந்துவிட்டு, திரும்பி வந்து தளர்ந்த கையால் மெதுவாக இழுக்கத் தொடங்கினால் அந்த அரைகுறைச் சுற்றும் பதிவில் ஏறிச் சராசரியைக் கெடுத்துவிடும். இதைத் தவிர்க்க நான் ஏறக்குறைய எல்லாப் பயிற்சிகளையும் வேரியபிள் வகையில்தான் பதிகிறேன். அதில் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும் என்பதால் பொத்தான் வேலை அதிகம். அதற்கு ஈடாகக் கடைசிச் சுற்றின் ஓய்வை 0:00 என்று வைத்துவிட்டால், அந்தச் சுற்று முடிந்த கணமே பயிற்சியும் முடிந்ததாக மானிட்டர் எடுத்துக்கொண்டு முடிவைச் சேமித்துவிடும். எட்டுச் சுற்றுகளைப் பதிய ஆகும் ஓரிரு நிமிடங்களை நான் உடலைச் சூடேற்றுவதற்கு முன்பே செலவழித்துவிடுவதில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வேரியபிள் வகையில் நடுவிலுள்ள சுற்றுகளுக்கும் 0:00 ஓய்வு வைக்கலாம் என்பது பலர் கவனிக்காத வசதி. நான்கு நிமிடம் நிமிடத்துக்கு 18 இழுப்பு, மூன்று நிமிடம் 20 இழுப்பு, இரண்டு நிமிடம் 22, ஒரு நிமிடம் 24 என்று நிற்காமல் ஏறும் பத்து நிமிடத் தொடரை நான்கு சுற்றுகளாக, நடுவில் ஓய்வே இல்லாமல் பதிந்தால், எப்போது மாற வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பயிற்சி முடிந்தபின் ஒவ்வொரு படியிலும் எத்தனை மீட்டர் போனோம், இழுப்பு எண்ணிக்கையைப் பிடித்துவைத்தோமா என்பதும் தனி வரிகளாகக் கிடைக்கும். இழுப்பு எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி ஒவ்வொரு இழுப்பையும் நீளமாகவும் வலுவாகவும் ஆக்குவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தூரமா, நேரமா என்ற கேள்விக்கு ஆளைப் பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பிறகு ரோயிங் தொடங்கியவர். "தம்பி, இதுல நம்பர் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு, நான் எப்ப நிறுத்தணும்னு ஒண்ணும் புரியலையே" என்று அவர் கேட்டபோது, "சார், நீங்க நிறுத்தவே வேணாம், அதுவே சொல்லும்" என்று ஒரு நிமிடம் வேலை, ஒரு நிமிடம் ஓய்வு என்ற நேர இன்டர்வெல்லைப் பதிந்துகொடுத்தேன். தொடக்கநிலையில் இருப்பவருக்கு 500 மீட்டர் என்று தூரத்தைப் பதிந்தால், மெதுவாக இழுப்பவர் அதிக நேரம் துன்பப்பட வேண்டியிருக்கும். வேகமாக இழுத்தால் சீக்கிரம் தப்பிக்கலாம் என்ற ஆசையில் இடுப்பு மடங்கி, கை முன்னதாகவே வளைந்து, இழுப்பின் ஒழுங்கு குலைந்துபோகும். நேரத்தைப் பதிந்தால் எப்படி இழுத்தாலும் ஒரு நிமிடம் ஒரு நிமிடம்தான் என்பதால் அவசரத்துக்கு வேலை இல்லை. வெவ்வேறு வேகம் உள்ள இருவர் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் சேர்ந்து பயிற்சி செய்வதற்கும் நேர வகைதான் தோது. இருவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக ஓய்வார்கள். பந்தயத் தூரத்துக்குத் தயாராகிறவருக்கு மட்டும் தூர வகை வேண்டும். பந்தயத்தில் மீதமுள்ள மீட்டர் குறைவதைப் பார்த்தபடிதான் மனம் கணக்குப் போடும், அந்தக் கணக்கும் பழக வேண்டிய ஒன்று.

கலோரி இன்டர்வெல்லை நான் பயன்படுத்துவதில்லை. மானிட்டர் காட்டும் கலோரி 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ எடையுள்ளவரை மனத்தில் வைத்துக் கணக்கிடப்படுவது. கிராஸ்ஃபிட் கூடங்களில் போட்டிக்கு அது வசதியான அலகு என்பதைத் தவிர, என் பயிற்சியை அளப்பதற்கு அதில் எதுவும் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

வேகத்துக்கான அலகு 500 மீட்டருக்கு ஆகும் நேரம். இதையும் வாட் அளவையும் இணைக்கும் கணக்கு மானிட்டருக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது: ஒரு மீட்டருக்கு ஆகும் விநாடிகளை மும்மடியாக்கி, 2.80ஐ அதனால் வகுத்தால் வாட் கிடைக்கும். 2:00 வேகம் என்றால் மீட்டருக்கு 0.24 விநாடி, அது ஏறத்தாழ 202 வாட். 1:55 என்றால் 230 வாட். ஐந்து விநாடி குறைப்பது வேகத்தில் 4 விழுக்காடுதான்; அதற்குக் கொடுக்கும் விலையோ ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதல் திறன். 1:50க்கு 263 வாட் வேண்டும். இன்டர்வெல்லில் முதல் சுற்றை உற்சாகத்தில் நான்கைந்து விநாடி வேகமாக இழுத்தவர் ஆறாவது சுற்றில் ஏன் நொறுங்கிப்போகிறார் என்பதற்கு இந்த மும்மடிக் கணக்கே விடை. 1000 மீட்டரில் முதல் பாதியை 1:50இலும் அடுத்த பாதியை 2:10இலும் இழுத்தால் மொத்த நேரம் நான்கு நிமிடம்தான். முழுவதும் 2:00இல் இழுத்தாலும் அதே நான்கு நிமிடம்தான். ஆனால் முதல் வழியில் ஏறத்தாழ 2 விழுக்காடு அதிக ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். அந்தச் செலவின் பெரும்பகுதி, கால்கள் கனக்கத் தொடங்கும் வேகத்தில் நடக்கும் என்பதால் உடலுக்குத் தோன்றும் இழப்பு அந்த எண்ணைவிட மிகப் பெரியது.

'யூனிட்ஸ்' பொத்தானை அழுத்தினால் வேகம், வாட், கலோரி என்று திரை மாறும். நீண்ட சுற்றுகளில் வேகத்தையும், 30 விநாடி போன்ற குறுகிய சுற்றுகளில் வாட்டையும் பார்ப்பது என் பழக்கம். குறுகிய சுற்றில் ஒவ்வொரு இழுப்பின் ஏற்ற இறக்கமும் வாட்டில் பெரிதாகத் தெரிவதால் கை உடனே திருத்திக்கொள்கிறது. இதயத் துடிப்பு வார் கட்டியிருந்தால் அந்த எண்ணும் திரையில் வரும். குறுகிய சுற்றுகளில் அதை நம்பி வேகத்தை மாற்றக் கூடாது, ஏனெனில் துடிப்பு ஏறுவதற்குள் சுற்றே முடிந்துவிடும்.

நான் சுழற்சி முறையில் செய்யும் பயிற்சிகளில் முதன்மையானது 500 மீட்டர் எட்டு முறை, நடுவே மூன்றரை நிமிடம். 2:00 வேகத்தில் இழுப்பவருக்கு வேலை 16 நிமிடம், ஓய்வு இருபத்து நான்கரை நிமிடம். வேலையைவிட ஓய்வு அதிகம் என்று பார்ப்பவர்களுக்குச் சோம்பேறிப் பயிற்சியாகத் தோன்றும், செய்து பார்த்தவர்களுக்குத் தோன்றாது. 2000 மீட்டர் முழு முயற்சியில் உங்கள் சராசரி என்னவோ அதை ஒட்டியே முதல் முறை இலக்கை வையுங்கள். முதல் ஏழு சுற்றுகளை இலக்கை ஒட்டி அரை விநாடி வேறுபாட்டுக்குள் வைத்துக்கொண்டு, எட்டாவதை மட்டும் மனம் போன வேகத்தில் இழுக்க வேண்டும். அப்படி இழுத்தபின் எட்டுச் சுற்றுகளுக்கும் சேர்த்து மானிட்டர் தரும் சராசரியே அடுத்த முறைக்கான இலக்கு. எட்டாவது சுற்று முந்தையவற்றைவிட ஐந்தாறு விநாடி வேகமாக வந்தால் இலக்கு மிகவும் எளிதாக இருந்தது என்று அறியலாம். சற்றும் வேகமாக வரவில்லை என்றால் இலக்கு சரியாகவோ சற்றுக் கடினமாகவோ இருந்திருக்கிறது.

இரண்டாவது, ஏறி இறங்கும் தொடர்: 250, 500, 750, 1000, 750, 500, 250 மீட்டர். மொத்தம் 4000 மீட்டர் வேலை. ஒவ்வொரு 250 மீட்டருக்கும் ஒன்றரை நிமிடம் என்ற கணக்கில் ஓய்வு எழுத வேண்டும். ஆக 250க்குப் பின் 1:30, 500க்குப் பின் 3:00, 750க்குப் பின் 4:30, 1000க்குப் பின் 6:00. இதை வேரியபிள் வகையில் மட்டுமே பதிய முடியும். ஓய்வு இப்படி வளர்வதையும் தேய்வதையும் கையால் கணக்கு வைத்துச் செய்வது பெரும் தொல்லை. நடுவில் உள்ள 1000 மீட்டர் முடிந்த நிலையில் ஆறு நிமிடமா நான்கரை நிமிடமா என்று நினைவுகூரும் தெளிவு யாருக்கும் இருக்காது.

மூன்றாவது, நான்கு நிமிடம் நான்கு முறை, நடுவே மூன்று நிமிடம் மெதுவாக இழுத்தபடி ஓய்வு. நார்வேயின் டிரான்ட்ஹைம் நகர ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உச்ச இதயத் துடிப்பின் 90 முதல் 95 விழுக்காட்டில் ஓடிய இந்த முறை, அதே அளவு மொத்த வேலையைச் சீரான மிதவேகத்தில் செய்வதைவிட உடலின் ஆக்சிஜன் ஏற்புத்திறனை அதிகம் உயர்த்தியது. அந்த ஆய்வு ஓட்டத்தில் செய்யப்பட்டது. ரோயிங்கில் கைகளும் முதுகும் சேர்ந்து உழைப்பதால் முதல் சுற்றிலேயே துடிப்பை 90 விழுக்காட்டுக்கு ஏற்ற முயலாமல், ஒவ்வொரு சுற்றின் கடைசி இரண்டு நிமிடங்களில் அங்கே இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு மூன்றில் எதைச் சொல்வாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

டபாட்டா முறையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 20 விநாடி வேலை, 10 விநாடி ஓய்வு என்பது மானிட்டரின் கீழ் எல்லைக்குச் சரியாக உட்பட்டதுதான். ஆனால் இசுமி டபாட்டாவும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட அந்த ஆய்வு நிலையான மிதிவண்டியில், ஆக்சிஜன் ஏற்பு உச்சத்துக்கு உரிய திறனைப் போல 170 விழுக்காட்டுத் திறனில், ஏழெட்டுச் சுற்றில் ஆள் தளர்ந்துவிடும்படி செய்யப்பட்டது. மிதிவண்டியில் களைத்தால் கால் நின்றுவிடும், அவ்வளவுதான். ரோயிங்கில் களைத்தால் கால் செய்ய வேண்டிய வேலை முதுகுக்கு மாறிவிடும். ஆகவே இயந்திரத்தில் ஓராண்டாவது பழகாதவர்களுக்கு இதை நான் பதிந்துகொடுப்பதில்லை.

ஓய்வு நேரத்தில் என்ன செய்வது என்பதும் எழுதப்பட வேண்டியதே. ஓய்வின்போது இழுக்கும் மீட்டர்களை மானிட்டர் தனியாக எண்ணுகிறது. அவை வேலையின் சராசரியில் கலப்பதில்லை. ஆகவே சராசரி கெட்டுவிடும் என்று பயந்து சிலைபோல உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட ஓய்வு என்றால் முதல் அரை நிமிடம் கையை விட்டுவிட்டு மூச்சை வாங்கிக்கொள்வேன்; பிறகு கால் வாரை அவிழ்க்காமலேயே மிக மெதுவாக இழுத்துக்கொண்டிருப்பேன்; கடைசிப் பதினைந்து விநாடி கைப்பிடியைப் பிடித்தபடி தயாராக இருப்பேன். முதல் சுற்று மட்டும்தான் நம் முதல் இழுப்புக்காகக் காத்திருக்கும். அதன் பிறகு ஓய்வு பூஜ்யத்தைத் தொட்டதும் அடுத்த சுற்றின் கடிகாரம் தானாக ஓடத் தொடங்கிவிடும். வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தால் அந்த விநாடிகளும் நம் கணக்கில்தான் சேரும். மறுபக்கம், ஓய்வு தீர்வதற்கு ஓரிரு இழுப்புக்கு முன்பே சக்கரத்தைச் சுழலவிட்டு உள்ளே நுழைந்தால் 500 மீட்டரில் ஒரு விநாடிக்கு மேலும் இலவசமாகக் கிடைக்கும். இது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாச் சுற்றுக்கும், எல்லா வாரமும் ஒரே முறையைக் கடைப்பிடித்தால் ஒப்பீடு கெடாது.

ஓய்வின் அளவைப் பதியாமல் விட்டு, நாம் மறுபடி இழுக்கும்வரை நீளும்படி வைக்கும் வசதியும் பிஎம்5இல் உண்டு. கெர்ஷ்லர் வழியில் துடிப்பு 120க்கு இறங்கும்வரை காத்திருந்து தொடங்க விரும்புகிறவர்களுக்கு அது பொருந்தும். இயந்திரத்தில் ஒரு சுற்று, தரையில் தண்டால் என்று மாற்றி மாற்றிச் செய்பவர்களுக்கும் அது உதவும். நான் அதை அரிதாகவே நாடுகிறேன். கண்டிப்பான ஓய்வை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓய்வின் முடிவிலும் துடிப்பு எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே எனக்கு அதிகம் சொல்கிறது. அந்த எண் சுற்றுக்குச் சுற்றுச் சற்று ஏறுவது இயல்பு. திடீரென்று பத்துப் பதினைந்து துடிப்பு கூடி நின்றால் தூக்கம் குறைந்திருக்கிறது, அல்லது காய்ச்சல் வரப்போகிறது, அல்லது கூடத்தில் மின்விசிறி வேலை செய்யவில்லை.

மின்விசிறி என்றதும் வெப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த இயந்திரத்தின் தடை காற்றால் வருவது. பக்கத்தில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட டேம்பர் நெம்புகோல் உள்ளே போகும் காற்றின் அளவை மாற்றும். அது கடினத்தின் அளவுகோல் அன்று, மிதிவண்டியின் கியரைப் போன்றது. மானிட்டர் ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் சக்கரம் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று அளந்து டிராக் ஃபேக்டர் என்ற எண்ணைக் கணக்கிட்டு, அதைக்கொண்டே வேகத்தைச் சொல்கிறது. அதனால்தான் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு இயந்திரங்களில் இழுத்த கணக்குகளை ஒப்பிட முடிகிறது. 'மோர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் இந்த எண்ணைப் பார்க்கலாம். 35 டிகிரி வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 20 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு குறைவு. சக்கரக் கூண்டில் தூசும் பஞ்சும் அடைத்திருந்தால் காற்று இன்னும் குறையும். எனவே டேம்பர் 5 என்று நினைவில் வைப்பதால் பயனில்லை. எண்ணைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். துடுப்பு வீரர்களில் பெரும்பாலானோர் 100க்கும் 140க்கும் இடையில் வைத்துக்கொள்கிறார்கள். நான் 120ஐ ஒட்டி வைக்கிறேன். வேகமாக இழுக்கலாம் என்று டேம்பரை 10இல் வைப்பவர்கள் நான்காவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொள்வதை எங்கள் கூடத்திலேயே கண்டிருக்கிறேன்.

உடலைச் சூடேற்றும் பத்துப் பதினைந்து நிமிடத்தை எதையும் பதியாமல் இழுக்கும் 'ஜஸ்ட் ரோ' வகையில் தனியாக முடித்துவிட்டு, டிராக் ஃபேக்டரையும் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் இன்டர்வெல்லைப் பதிகிறேன். சூடேற்றலை வேரியபிள் தொடரின் முதல் சுற்றாகச் சேர்த்தால் பொத்தான் வேலை ஒரே முறையில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மெதுவான சுற்று மொத்தச் சராசரியில் கலந்து, வாரங்களுக்கிடையே ஒப்பிட உதவும் ஒரே எண்ணைக் குழப்பிவிடும். பதிவதற்கு ஆகும் ஓரிரு நிமிடம் தொடங்குமுன் மூச்சு அடங்குவதற்கும் போதுமானது. பென் டிரைவ் செருகும் வாய் மானிட்டரிலேயே இருப்பதால், அடிக்கடி செய்யும் பயிற்சிகளை அதில் 'ஃபேவரிட்ஸ்' பட்டியலாக வைத்துக்கொண்டால் இந்த வேலையும் மிச்சம். கைப்பேசியில் எர்க்டேட்டா செயலி இருந்தால் பயிற்சியை அதில் அமைத்து ப்ளூடூத் வழியாக மானிட்டருக்கு அனுப்பலாம். இத்தனையும் செய்துவிட்டு பேட்டரியைப் பார்க்காமல் விட்டால் எல்லாம் வீண். டி அளவுப் பெரிய பேட்டரி இரண்டு பின்பக்கம் இருக்கின்றன, திரையில் பேட்டரிக் குறி தேய்ந்திருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.

பயிற்சி முடிந்ததும் 'மெமரி' பகுதியில் மேலே மொத்தச் சராசரியும், கீழே சுற்றுவாரியாக நேரமும் மீட்டரும் வேகமும் இழுப்பு எண்ணிக்கையும் இருக்கும். பெரும்பாலோர் மிக வேகமான சுற்றைத் தேடிப் படம்பிடித்துக்கொள்வார்கள். நான் முதலில் பார்ப்பது, கடைசிச் சுற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றுள் மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் உள்ள வேறுபாட்டை. அது ஒரு விநாடிக்குள் இருந்தால் வேகத்தைக் கூட்டலாம். மூன்று விநாடிக்கு மேல் விரிந்திருந்தால், சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதே இலக்கில் மறுமுறையும் செய்வேன். அடுத்துப் பார்ப்பது இழுப்பு எண்ணிக்கை: வேகம் மாறாமல் எண்ணிக்கை மட்டும் 26இலிருந்து 29க்கு ஏறியிருந்தால் ஒவ்வொரு இழுப்பும் குறுகிவிட்டது என்று அறியலாம். 'ரீ-ரோ' என்ற வசதியில் பழைய பயிற்சி ஒன்றை எடுத்தால், அன்றைய நம் இழுப்பே திரையில் போட்டிப் படகாக வரும். மாதத்துக்கு ஒரு முறை அதைச் செய்வது நல்லது, வாராவாரம் செய்தால் நேற்றைய நம்மையே வெல்லும் வெறியில் இலக்கு கைவிட்டுப்போகும்.

முன்னேற்றம் என்று வரும்போது ஒரே நேரத்தில் ஓர் எண்ணைத்தான் மாற்ற வேண்டும். வேகம் பல வாரங்களாக ஒரே இடத்தில் நின்றுவிட்டால் நான் வேகத்தைத் தொடுவதில்லை. எட்டு 500 மீட்டரில் ஓய்வை 3:30இலிருந்து 3:15 ஆக்குவேன், அது பழகியதும் 3:00 ஆக்குவேன். பிறகு மறுபடி 3:30க்குத் திரும்பிப் பார்த்தால் பழைய இலக்கு தானாகவே ஒன்றிரண்டு விநாடி இறங்கியிருக்கும். பெரியவரும் இதே வழியில்தான் போகிறார். அவருடைய ஒரு நிமிட வேலையை நாங்கள் இன்னும் மாற்றவில்லை. ஓய்வு மட்டும் 1:00இலிருந்து 0:50க்கு வந்திருக்கிறது. 0:45க்கு எப்போது போகலாம் என்று அவர் கேட்கிறார். இழுப்பு எண்ணிக்கை 24க்கு மேல் போகாமல் பத்துச் சுற்றும் முடிந்தால் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். சென்ற வாரம் எட்டாவது சுற்றில் 26 காட்டியது.